உப்பனாற்றங்கரை இறால் குட்டையில் ஒரு நீல இழை: நிகழ்வு ஆய்வு

தீவனம் தின்றதா என்று பார்க்கக் குட்டைக்குள் இறக்கி வைக்கும் தட்டுதான் செக் ட்ரே. அதைத் தூக்கியதும் இறாலைவிட அதன் கழிச்சலைத்தான் முதலில் பார்ப்போம். தட்டில் பழுப்பு நிறக் கழிச்சல் நீள நீளமாக, அறுபடாமல் கிடந்தால் குட்டை நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். வெளுத்துப்போய் மிதந்தால் அன்றைக்கே தீவனத்தைக் குறைக்க வேண்டும். சீர்காழி வட்டத்தில் உப்பனாற்றங்கரையில் வெனாமி இறால் வளர்க்கும் அண்ணன் ஒருவர் ஒருநாள் விடிந்தும் விடியாமல் போன் செய்தார். "தம்பி, கழிச்சல் வெளுக்கல. ஆனா உள்ள நீலமா நூலு மாதிரி ஏதோ ஓடுது. வந்து ஒரு எட்டு பாத்துட்டுப் போங்க" என்றார்.

மீன்வள ஆய்வகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். நோய்க்கு மாதிரி எடுக்கக் குட்டை குட்டையாகப் போவது பழக்கம்தான். நூலுக்காகப் போனது அதுதான் முதல் தடவை.

ஓர் இறாலை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன். முதுகுக் குடல் கறுப்புக் கோடாக நிறைந்திருந்தது, நன்றாகத் தின்றிருக்கிறது. வால் பக்கம் பாதி வெளியே வந்திருந்த கழிச்சலை வெள்ளைப் பீங்கான் தட்டில் ஒரு சொட்டுத் தண்ணீரோடு வைத்து ஊசியால் விலக்கினேன். நீல இழை ஒன்று தனியாக வந்தது. தலைமுடியைவிடச் சற்றுத் தடிப்பு, நீளம் அரிசி மணியில் பாதி. ஊசி முனையை லைட்டரில் சூடாக்கி அதன் பக்கத்தில் கொண்டுபோனதும் உடம்பை இழுத்துக்கொண்ட புழு மாதிரி சுருண்டு, ஒரு சின்ன உருண்டையாகிவிட்டது. பருத்தி நூலாக இருந்தால் கருகியிருக்கும். இது பிளாஸ்டிக்.

5 மில்லிமீட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் துகளையும் இழையையும்தான் நுண்நெகிழி, மைக்ரோபிளாஸ்டிக் என்கிறோம். இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் தாம்சனும் உடன் இருந்தவர்களும் 2004ல் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் அந்தச் சொல் உலகம் முழுக்கப் பரவியது. 20 வருடங்களில் கடல், ஆறு, உப்பு, குடிநீர் என்று தேடிய இடமெல்லாம் அது கிடைத்திருக்கிறது. ஆகவே இறால் குடலில் ஒன்று கிடைத்தது எனக்கு அதிசயமாகப் படவில்லை. அந்த நீலம் எங்கிருந்து வந்தது என்பதுதான் உறுத்தியது.

எல்லாருக்கும் முதலில் வந்த சந்தேகம்

"எல்லாம் ஆத்துத் தண்ணியில வர்றதுதான்" என்றார் அண்ணன். எனக்கும் அப்படித்தான் பட்டது. அதற்குக் காரணமும் இருந்தது.

உப்பனாறு பெயருக்குத்தான் ஆறு. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில் கிடக்கும் வயல்களின் வடிகால் அது. வழியில் உள்ள ஊர்களின் சாக்கடையும் அதில்தான் சேர்கிறது. கிழக்கே போய்த் திருமுல்லைவாசலில் கடலில் கலக்கிறது. கடல் ஏறும்போது உப்புத் தண்ணீர் உள்ளே வரும், வற்றும்போது மேலேயிருந்து வரும் தண்ணீர் வெளியே போகும். அந்த ஏற்றத்தைப் பார்த்துத்தான் குட்டைக்காரர்கள் மோட்டார் போடுவார்கள்.

மேட்டூரில் ஜூன் 12 அன்று மதகு திறந்தால் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர நாளாகும். வாய்க்காலில் புதுத் தண்ணீர் நுழையும்போது நம் ஊர்களில் விதைநெல்லும் பூவும் தூவிக் கும்பிடுகிறோம். கோடை முழுக்கக் காய்ந்து கிடந்த வாய்க்கால் படுகையில் நாம் எறிந்த ஷாம்பு பாக்கெட், தண்ணீர்ப் பாக்கெட், சட்டைத் துணி எல்லாவற்றையும் அந்தப் புதுத் தண்ணீர்தான் அள்ளிக்கொண்டு வருகிறது. கடைமடை ரெகுலேட்டரில் ஷட்டருக்கு முன்னால் ஆகாயத்தாமரையும் காட்டாமணக்கும் பின்னிக்கொண்டு நிற்கும் பாருங்கள், அதற்குள் கையை விட்டால் பாதி பிளாஸ்டிக்தான். பெரியது அங்கே சிக்கிக்கொள்ளும். வெயிலில் நொறுங்கிய சிறுதுகள் ஷட்டருக்கு அடியில் புகுந்து போய்விடும்.

இன்னும் மேலே போனால் துணி. நொய்யல் ஆறு திருப்பூரைத் தொட்டு வந்து கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிறது. பள்ளிப்பாளையம், குமாரபாளையம், ஈரோடு என்று காவிரிக் கரையிலேயே சாயத் தொழில் நடக்கிறது. செயற்கை இழைத் துணியை ஒரு தடவை, 6 கிலோ அளவுக்கு, மிஷினில் போட்டுத் துவைத்தால் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட இழைகள் உதிரக்கூடும் என்று 2016ல் அதே பிளிமத் பல்கலைக்கழகத்தில் கணக்கிட்டார்கள். காவிரி தமிழ்நாட்டுக்கு வருவதற்கு முன்பே நிலைமை சரியில்லை: கர்நாடகத்தின் கிருஷ்ணராஜ சாகர் அணைப் பகுதியில் எடுத்த தண்ணீரில் நுண்நெகிழி இருப்பதையும், அந்தத் தண்ணீரில் வளர்த்த வரிக்குதிரை மீன் குஞ்சுகளில் வளர்ச்சிக் குறைபாடு தெரிந்ததையும் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தார் 2022ல் வெளியிட்டார்கள்.

இவ்வளவும் தெரிந்த ஒருவன் குட்டைக்குள் பிளாஸ்டிக்கைப் பார்த்தால் ஆற்றைத்தான் கைகாட்டுவான். நானும் காட்டினேன்.

முதல் சுற்று வீணாய்ப் போனது

மோட்டார் வாயில், தண்ணீர் தேக்கி வைக்கும் குட்டையில், வளர்ப்புக் குட்டையில், வெளியேற்றும் வாய்க்காலில், அப்புறம் அந்த வாய்க்கால் ஆற்றில் விழும் இடத்துச் சேற்றில் கிடந்த மட்டியில் மாதிரி எடுத்தோம். குடலையும் மட்டிச் சதையையும் 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் போட்டு, 60 டிகிரி சூட்டில் ஒரு நாள் வைத்தால் சதை கரைந்துவிடும். பிளாஸ்டிக் நிற்கும். அதை வடிதாளில் பிடித்து நுண்ணோக்கியில் பார்ப்பது. செய்முறை எளிதுதான்.

எல்லாத் தட்டிலும் இழைகள் தெரிந்தன. மாதிரியே போடாமல், வெறும் தண்ணீரை மட்டும் வடிகட்டி ஒப்பீட்டுக்காக வைத்திருந்த தட்டிலும் தெரிந்தன. அதில் கிடந்தவற்றில் பாதி கருநீலம். நான் அன்றைக்குப் போட்டிருந்த பேண்ட்டும் கருநீலம். மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு வாரத்து வேலை போனது. ஆனால் இந்த விஷயத்தில் வரும் எண்களைப் படிக்கிறவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்: வெறும் தட்டில் எத்தனை இருந்தது? அந்தக் கணக்கைச் சொல்லாத எண்ணிக்கையை நான் இப்போது நம்புவதில்லை. காற்றில் மிதக்கும் துணி இழை அவ்வளவு. இரண்டாவது சுற்றில் சாயம் போடாத பருத்திக் கோட்டு, மின்விசிறி நிறுத்தம், பயன்படுத்தும் தண்ணீர், உப்பு, ரசாயனம் எல்லாம் முன்கூட்டியே வடிகட்டியது, தட்டு திறந்திருக்கும் நேரமெல்லாம் பக்கத்தில் ஒரு வெறும் தட்டு என்று செய்தோம். உப்பை வடிகட்டாமல் விட்டால் அதிலிருந்தே துகள் வரும். இந்தியக் கடல் உப்பில் நுண்நெகிழி இருப்பதை மும்பை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2018லேயே காட்டிவிட்டார்கள்.

உப்பு எதற்கு என்றால், சேற்று மாதிரியில் மண்ணையும் பிளாஸ்டிக்கையும் பிரிக்க. நிறை உப்புக் கரைசலின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குக் கிட்டத்தட்ட 1.2 கிராம். பாலித்தீனும் பாலிபுரோப்பிலீனும் 1க்கும் கீழே, மேலே மிதந்து வந்துவிடும். வலை நூலான நைலான் 1.14, அதுவும் வரும். பாலியஸ்டர் 1.38, மண்ணோடு அடியிலேயே தங்கிவிடும். இதை யோசித்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. நம் குடுவையில் மூழ்குவது ஆற்றிலும் மூழ்கத்தானே செய்யும்? துணி இழை கடைசியில் போய்ச் சேருவது கழிமுகத்துச் சேற்றில். அந்தச் சேற்றில்தான் மட்டி வாழ்கிறது. அதற்குப் பிறகு மட்டிச் சதையைக் கரைத்ததில் மிதந்ததையும் அடியில் தங்கியதையும் இரண்டையுமே பார்த்தோம்.

நீலம் எங்கிருந்து வந்தது

மோட்டார் வாயில் எடுத்த தண்ணீரில் மெல்லிய நிறமற்ற இழைகள், கறுப்பு இழைகள், கிழிந்த பை மாதிரியான மெல்லிய ஏடுகள் இருந்தன. நீல இழை ஒன்றுகூட இல்லை. வளர்ப்புக் குட்டையில் நீலம் இருந்தது. அதோடு இன்னொன்றும்: தட்டையான, வெள்ளை நிற நாடாத் துண்டுகள், ஓரம் சிம்பு சிம்பாகப் பிரிந்தவை. அவையும் மோட்டார் வாயில் இல்லை.

அண்ணனிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் கரையில் நடக்க ஆரம்பித்தார், நானும் பின்னால் போனேன். குட்டையைச் சுற்றி நண்டு ஏறாமல் இருக்க முழங்கால் உயரத்துக்கு நீல வலை கட்டியிருந்தது. நண்டு வெள்ளைப்புள்ளி நோயைக் கொண்டுவரும் என்பதால் எல்லாக் குட்டையிலும் நண்டு வேலி உண்டு. மூன்று வளர்ப்பு பார்த்த வலை அது. வெயிலில் வெளிறி, குச்சியில் கட்டிய இடத்திலெல்லாம் பிய்ந்து தொங்கியது. கையால் உருவினேன், உள்ளங்கை முழுக்க நீலத் தூள் ஒட்டியது.

நாடாத் துண்டு எதுவென்று காட்ட அவருக்கு நான் தேவைப்படவில்லை. "இது சாக்குதான் தம்பி" என்று கரையின் உள்பக்கச் சரிவைக் காட்டினார். தண்ணீரில் காற்றேற்றும் ஏரேட்டர் அலையடித்துக் கரை சரியாமல் இருக்கத் தீவனச் சாக்கில் மண்ணை நிரப்பி அடுக்குவது எல்லாரும் செய்கிற காரியம். செலவில்லை, சாக்கும் வீணாகாது. நெய்த பிளாஸ்டிக் சாக்கு அது. ஒரு கோடை வெயில் பட்டால் முறுகிப்போகும். தண்ணீர் தொடும் விளிம்பில் ஒரு சாக்கை அழுத்தினேன், காய்ந்த அப்பளம் மாதிரி நொறுங்கி உள்ளே இருந்த மண் மட்டும் நின்றது. அந்த நொறுங்கல் முழுக்கக் குட்டைக்குள்தான் போயிருக்கும். வேறு எங்கே போகும்?

கல்லூரியில் வேலை பார்க்கும் நண்பர் மூலம் அகச்சிவப்புக் கருவியில் சில துண்டுகளைப் பார்த்தோம். நீலம் பாலித்தீன், வேலி வலையும் பாலித்தீன். நாடா பாலிபுரோப்பிலீன், சாக்கும் அதுவே. ஆற்றிலிருந்து வந்த கறுப்பு இழைகளில் பெரும்பாலும் பாலியஸ்டர். ஆற்றின் பங்கு இருந்தது, பொய்யில்லை. ஆனால் இறால் குடலில் கண்ணுக்குத் தெரிந்ததைக் கொடுத்தது குட்டைதான்.

தீவனத்தையும் சொல்லிவிடுகிறேன். தீவனத்தில் சேரும் மீன்தூளிலேயே நுண்நெகிழி இருப்பதாகப் பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. இந்தப் பண்ணையில் அதை நாங்கள் தனியாகப் பிரித்துப் பார்க்கவில்லை.

இறாலும் மட்டியும் ஒன்றல்ல

இறால் குடலில் இழை போவது இங்கே மட்டும் நடப்பதில்லை. ஸ்காட்லாந்தின் கிளைட் கடற்பகுதியில் பிடித்த, இறாலுக்கு உறவான நார்வே லாப்ஸ்டர்களில் 83 சதவீதத்தின் வயிற்றில் பிளாஸ்டிக் இருந்ததாக 2011ல் எழுதினார்கள். பலவற்றில் இழைகள் பந்தாகச் சுற்றிக் கிடந்தன. ஆனால் அந்த இனம் சட்டை உரிக்கும்போது வயிற்றின் உள்தோலும் சேர்ந்து கழன்று, அதோடு பிளாஸ்டிக்கும் வெளியேறுகிறது என்று பிறகு தெரிந்தது. நம் இறாலும் சட்டை உரிக்கிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அதிகமாக உரிக்கும் என்பது எல்லாக் குட்டைக்காரருக்கும் தெரியும்.

அதற்கு மேல், வெனாமியைப் பெரும்பாலும் யாரும் குடலோடு தின்பதில்லை. ஏற்றுமதிக்குப் போவதில் நிறைய, தலை நீக்கி, தோல் உரித்து, குடல் எடுத்துப் போகிறது. வீட்டிலும் முதுகைக் கீறிக் கறுப்பு நரம்பை உருவிவிட்டுத்தான் தொக்கு வைக்கிறோம். முழுசாகத் தின்பது பொடி இறாலான சென்னாக்குனியை. அப்புறம் மட்டியை.

மட்டி தண்ணீரை உள்ளே இழுத்து, செவுளில் சலித்து, மிச்சத்தை வெளியே விடுகிற உயிர். தண்ணீரில் என்ன மிதக்கிறதோ எல்லாம் அதன் செவுள் வழியாகப் போய்த்தான் ஆக வேண்டும். வேண்டாததைக் கோழையில் சுற்றி வயிற்றுக்குப் போகும் முன்பே துப்பிவிடும் திறமை அதற்கு உண்டு, இருந்தாலும் எல்லாவற்றையும் துப்பிவிட முடியாது. அதன் குடலைத் தனியாக எடுத்துப் போட்டுவிட்டுச் சமைக்கவும் நம்மால் முடியாது. சட்டியில் வெந்து வாய் திறந்ததும் சதை மொத்தமாக வந்துவிடும்.

வெளியேற்று வாய்க்கால் ஆற்றில் விழும் இடத்தில் எடுத்த மட்டிகளில் கறுப்புப் பாலியஸ்டரும் இருந்தது, நீலமும் இருந்தது. அதாவது ஆறு கொண்டுவந்ததும் பண்ணை உதிர்த்ததும் ஒரே வயிற்றில். எனக்கு இந்த ஆய்வு முழுக்கவே அந்த ஒரு தட்டில்தான் இருக்கிறது. குட்டையில் வளர்ந்த இறால் சுத்தமாகி வெளிநாட்டுக்குப் போகிறது. குட்டை கழித்துவிட்ட தண்ணீரில் வளர்ந்த மட்டியை இடுப்பளவுத் தண்ணீரில் நின்று காலால் தடவிப் பொறுக்குகிற பெண்கள், கொஞ்சத்தைச் சந்தையில் விற்றுவிட்டு மீதியைப் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போடுகிறார்கள். நாமோ சோதனைக் கருவியை எப்போதும் இறாலுக்குத்தான் வைக்கிறோம்.

இதைச் சொன்னதும் "அப்போ மட்டி திங்கவே கூடாதா?" என்று கேட்பார்கள். அப்படிச் சொல்ல மாட்டேன். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016ல் கணக்குப் போட்டபோது, மட்டியைப் போலவே தண்ணீரைச் சலித்து வாழும் ஆளியின் (mussel) சதையை 225 கிராம் தின்றால் உள்ளே போகும் பிளாஸ்டிக் சுமார் 7 மைக்ரோகிராம் என்றது. ஒரு கிராமில் பத்து லட்சத்தில் 7 பங்கு. மட்டி மலிவான, நல்ல புரதம், அந்தப் பெண்களின் கைச்செலவுக்கு வழி. பயத்தைக் கிளப்பி அதைச் சந்தையில் விலைபோகாமல் செய்வது அவர்களுக்குச் செய்யும் இரண்டாவது கெடுதல். நான் கேட்பது வேறு: அவர்கள் காலுக்கடியில் போய்ச் சேருவதை நாம் கொட்டாமல் இருக்க வேண்டும்.

அரசுத் தரப்பில் இப்போதுதான் கை வைத்திருக்கிறார்கள். உணவில் நுண்நெகிழியை எப்படி அளப்பது என்று ஒரே முறையை உருவாக்க இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலை ஆணையம் 2024ல் ஒரு திட்டம் தொடங்கியது. கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனமும் அதில் இருக்கிறது. பண்ணை வெளியேற்றும் தண்ணீருக்கு, 2005ல் வந்த கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தின் வழியாக அளவுகோல்கள் உண்டு: கார அமிலத் தன்மை, மிதக்கும் திடப்பொருள், ஆக்சிஜன் தேவை, நைட்ரஜன், பாஸ்பேட். 2005ல் எழுதிய அந்தப் பட்டியலில் பிளாஸ்டிக் இழை இல்லை.

பண்ணையில் மாறியது

அண்ணன் சட்டத்துக்குக் காத்திருக்கவில்லை. அறுவடை முடிந்து குட்டை காய்ந்ததும் கரைச் சாக்குகளை முழுக்க எடுத்தார். எடுப்பது சுலபமாக இல்லை. தூக்கினாலே நொறுங்கியதால் தார்ப்பாயை விரித்து மண்ணோடு அள்ள வேண்டியிருந்தது, இரண்டு ஆட்களுக்கு நான்கு நாள் வேலை. சரிவைக் கொஞ்சம் சாய்த்து, தண்ணீர் மட்டத்துக்கு மேலே அருகம்புல் பதித்தார். நண்டு வேலிக்கு மறுபடியும் வலைதான், அதற்கு மாற்று இப்போதைக்கு இல்லை. ஆனால் ஒரு வளர்ப்புக்கு ஒரு வலை, வெட்டிய முனையைத் தீயில் காட்டி அடைப்பது, நறுக்கிய துண்டைக் கரையில் போடாமல் வாளியில் போடுவது என்று வைத்துக்கொண்டார். தீவனச் சாக்கை எண்ணி, காலியானதும் வெயில் படாமல் கட்டி, சாக்கு வியாபாரிக்குக் கொடுக்கிறார். வெளியேற்றும் தண்ணீரை ஒரு சின்னக் குட்டையில் இரண்டு நாள் நிறுத்தி, மதகில் பை வலை கட்டி விடுகிறார்.

அடுத்த வளர்ப்பில் குடலில் நீலம் வெகுவாகக் குறைந்திருந்தது, நாடாத் துண்டு தென்படவில்லை. கறுப்பு இழை முன்பு போலவே இருந்தது. அது அவர் கையில் இல்லை. தங்கு குட்டையின் அடியில் சேரும் சேறு இன்னொரு தலைவலி: அதை அள்ளி எங்கே போடுவது? கரையில் போட்டால் மழைக்குத் திரும்ப உள்ளேதான் வரும். இப்போதைக்குப் பண்ணையின் மேட்டுப் பக்கம் ஒரு குழியில் போட்டு மண் மூடியிருக்கிறார். இது தீர்வென்று நான் சொல்ல மாட்டேன்.

பக்கத்துப் பண்ணைகளில் சாக்கு அப்படியேதான் கிடக்கிறது. உப்பனாற்றில் அவர்கள் விடும் தண்ணீரும் இவர் விடும் தண்ணீரும் ஒரே இடத்தில்தான் விழுகின்றன.

அந்த இடத்தில் மட்டி பொறுக்கும் அக்கா ஒருவரிடம் மாதிரி வாங்கப் போயிருந்தேன். மணல் கக்குவதற்காக மட்டியை ராத்திரி முழுக்க உப்புத் தண்ணீரில் போட்டு வைப்பது அவர் வழக்கம், அவர் அம்மா காலத்திலிருந்தே அப்படித்தான். பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தார் 2014ல் இதையே அளந்து பார்த்திருக்கிறார்கள். பண்ணையில் வளர்த்த ஆளியில் ஒரு கிராமுக்கு 0.36 துகள் இருந்தது, சுத்தத் தண்ணீரில் மூன்று நாள் வைத்ததும் 0.24 ஆனது. சிப்பியில் 0.47 இருந்தது 0.35 ஆனது. முழுக்கப் போகவில்லை, குறைகிறது. "ஒரு ராத்திரிய ரெண்டு ராத்திரியாக்கி, நடுவுல தண்ணிய மாத்த முடியுமாக்கா?" என்று கேட்டேன். "மாத்தலாம். ஆத்துத் தண்ணிய எடுத்தா மாத்துறது? அது எதுக்கு ஆவும்?" என்றார். போர்த் தண்ணீரில் கல்லுப்பைக் கரைத்து, வேட்டித் துணியில் வடிகட்டி ஊற்றச் சொன்னேன். மட்டி கக்கிய மணலைக் கீழே கொட்டாமல் எடுத்து வைக்கவும் கேட்டேன்.

மூன்று நாள் கழித்துப் போனபோது ஊறுகாய் பாட்டிலில் போட்டு மூடி வைத்திருந்தார். கண்ணாடி பாட்டில்தான். வெளிச்சத்தில் ஆட்டிக் காட்டி, "நீலமா ஒண்ணு சுத்துது பாருங்க தம்பி" என்றார். அடியில் சாம்பல் நிற மணல், மேலே ஒரு நூல். தேதி எழுதி ஆய்வகத்து அலமாரியில் வைத்திருக்கிறேன். அண்ணன் பண்ணையில் தண்ணீர் மாற்றும் ஒவ்வொரு தடவைக்கும் பிறகு ஒரு பாட்டில் தருவதாக அக்கா ஒத்துக்கொண்டிருக்கிறார். இரண்டாவது பாட்டில் போன வாரம் வந்தது.